வழியில் ஒரு கம்பளி ஆலை: கேள்வி–பதில்

அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் பெண்டில்டன் என்ற ஊரில் 1909 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கம்பளி ஆலையைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். வழிப்போக்கர்களையும் உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தேன். எழுதியது நாலு வரி, வந்ததோ ஒரு கட்டுக் கடிதம். பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிற பெற்றோர் பாதி, போகாமலே கேள்வி கேட்கிறவர்கள் பாதி. நல்ல கேள்விகள் இரண்டாம் தரப்பிடமிருந்துதான் வந்தன.

வாசகி, தாம்பரம்: மகன் போர்ட்லண்டில் இருக்கிறான். அருவி காட்டுவான், கடல் காட்டுவான் என்று பார்த்தால், "அம்மா, கம்பளி ஆலைக்குப் போகலாம்" என்கிறான். இவனுக்கு என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை அம்மா, ரசனை முற்றியிருக்கிறது. அருவியும் அதே சாலையில்தான் இருக்கிறது. போர்ட்லண்டிலிருந்து 84-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினால் அரைமணியில் மல்ட்னோமா அருவி, 189 மீட்டர் உயரம். அப்புறம் கொலம்பியா ஆறு கூடவே வரும். முதல் ஒரு மணி நேரம் எங்கும் பச்சை. தி டேல்ஸ் ஊர் வருவதற்குள் பச்சை வடிந்து, காய்ந்த புல்மேடும் கோதுமைக் காடும் தொடங்கிவிடும். கடலிலிருந்து வரும் மழையைக் கேஸ்கேட் மலைத்தொடர் மேற்கிலேயே மறித்துக்கொள்கிறது. அந்த வறண்ட மேட்டு நிலம் செம்மறி மேய்க்கத் தோதாக இருந்தது, அதனால் ஆலை வந்தது. சுமார் 340 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

வாசகர், மதுரை: பழைய ஆலையைப் பார்க்க மியூசியம் போதாதா? ஓடுகிற ஆலைதான் வேண்டுமா?

இரண்டும் பார்க்கலாம், ஒரே குடும்பத்துக் கதைதான். ஆரகனிலும் ஒரு சேலம் உண்டு, மாம்பழம்தான் கிடைக்காது. இங்கிலாந்திலிருந்து வந்த நெசவாளர் தாமஸ் கே என்பவர் 1889-இல் அங்கே ஒரு கம்பளி ஆலை தொடங்கினார். 1962 வரை ஓடிய அந்த ஆலை இப்போது மியூசியம். அவர் மகள் ஃபேனி, பிஷப் என்ற கடைக்காரரை மணந்தார். தாத்தாவிடமிருந்து நெசவும் அப்பாவிடமிருந்து வியாபாரமும் கற்ற பேரன்கள் பெண்டில்டனில் ஆலை போட்டார்கள். மியூசியத்தில் வழிகாட்டி பேசுவது தெளிவாகக் கேட்கும். ஆலையில் ஆலை பேசுவதுதான் கேட்கும். கம்பளி ஏன் அந்த விலை விற்கிறது என்று புரிய வேண்டுமானால் இரண்டாவது இடத்துக்குத்தான் போக வேண்டும்.

வாசகர், ஈரோடு: அவ்வளவு சின்ன ஊரில் போய் ஏன் ஆலை போட்டார்கள்?

ரயில்காரர்கள் கட்டணத்தை ஏற்றியதால்! பெண்டில்டன் அப்போது சுற்றுவட்டாரக் கம்பளி மயிர் வந்து குவிந்து ரயிலேறும் ஊர். 1893-இல் அங்கே கம்பளி மயிரைக் கழுவி அனுப்ப மட்டும் ஒரு பட்டறை கட்டினார்கள். சரக்குக் கட்டணம் ஏறியதும் கழுவிய மயிரை அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. "அனுப்பினால்தானே நஷ்டம், இங்கேயே நெய்துவிடுவோம்" என்று 1895-இல் ஆலையாக்கினார்கள். அதுவும் நொடித்துக் கிடந்தபோது பிஷப் சகோதரர்கள் வந்தார்கள். புதுக் கட்டடத்துக்கு ஊரே கடன்பத்திரம் போட்டுக் கைகொடுத்தது. ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். இவர்கள் தறி இழுத்தார்கள்.

மில் தொழிலாளி, கோவை: முப்பது வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். எனக்குக் கம்பளி ஆலையில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது ஐயா. பஞ்சுப் பொதி வந்தால் நேரே ப்ளோ ரூமுக்குப் போகும். கம்பளி மயிர் அப்படிப் போகாது. ஆட்டின் வியர்வை, மண், முள், மெழுகு எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். அதனால் முதல் வேலை குளியல். அந்தக் குளியல் தண்ணீரில் பிரிகிற மெழுகுக்கு லானோலின் என்று பெயர். பனிவெடிப்புக்கு நீங்கள் உதட்டில் தடவுகிற களிம்பில் அது இருக்கலாம்.

அடுத்தது சாயம். கம்பளியில் பல சமயம் நூலுக்கும் துணிக்கும் முன்பே மயிருக்கே சாயம் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு நிறம் பார்த்துக் கலந்து, கார்டிங்கில் அறுந்து போகாமலிருக்க எண்ணெய் தெளிக்கிறார்கள்.

கார்டிங் மெஷின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். கம்பிப்பல் உருளைகள் ஒன்றையொன்று உரசாமல் உரசிச் சுற்ற, கடைசி உருளையிலிருந்து ஒரு மெல்லிய சல்லாத்துணி போல மயிர்ப்படலம் இறங்கும். ஊதினால் பறந்துவிடும் என்று தோன்றும். பஞ்சாலையில் இதைச் சிலைவராகத் திரட்டி, டிராயிங், சிம்ப்ளக்ஸ் என்று இழுத்துக்கொண்டே போவோம். இங்கே அந்தப் படலத்தை வார்ப்பட்டைகள் அங்கேயே நீள நீளமான கீற்றுகளாகக் கிழிக்கின்றன. தோல் பட்டைகள் அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து உருட்டுகின்றன, நாம் உள்ளங்கையில் திரி திரிப்பதைப்போல. முறுக்கே இல்லாத அந்தத் திரி நேரே ஸ்பின்னிங்குக்குப் போகிறது. நடுவில் சிம்ப்ளக்ஸே கிடையாது. இழைகள் நேராகப் படியாமல் குறுக்குமறுக்காகக் கிடப்பதால் நூலுக்குள் காற்று தங்குகிறது. கம்பளி குளிரைத் தாங்குவதற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம்.

கோட்டுத் துணிக்கு நெய்கிற வழவழப்பான கம்பளிக்கு வழி வேறு. அதற்கு மயிரைச் சீவி நேராக்கித்தான் நூற்பார்கள்.

வாசகர், திருநெல்வேலி: சத்தம் எப்படி?

காதடைப்பான் தருவார்கள். மனைவியோடு போனால் அன்றைக்கு வாக்குவாதம் நடக்காது. பேசினாலும் கேட்காது.

நெசவாளர், காஞ்சிபுரம்: அவர்கள் கம்பளத்தில் இருக்கிற கோலத்தைப் படத்தில் பார்த்தேன். நம்ம ஜக்கார்டு வேலை மாதிரி இருக்கிறதே?

மாதிரி இல்லை, அதேதான். பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் கொடுத்த வித்தை. அட்டையில் துளை இருந்தால் பாவு இழை எழும், இல்லாவிட்டால் கிடக்கும். உங்கள் தறிமேல் தொங்குகிற அட்டை மாலைக்கும் இவர்கள் கம்பளத்துக்கும் தாத்தா ஒருவர்தான். அந்தத் தாத்தாவின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியைச் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தன் கணக்குப்பொறிக்கும் துளை அட்டையால்தான் கட்டளை கொடுக்கத் திட்டமிட்டார். ஆகவே உங்கள் மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு "தறி எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொன்னால், உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். பெண்டில்டனில் இப்போது அட்டைக்குப் பதில் கம்ப்யூட்டரே தறியை நடத்துகிறது. பேரன் தாத்தா வீட்டுக்கே வேலைக்கு வந்துவிட்டான்.

ஒரு வித்தியாசம். அவர்கள் கம்பளத்தைத் திருப்பிப் போட்டாலும் கோலம் முழுசாக இருக்கும், நிறம் மட்டும் இடம் மாறியிருக்கும். நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்ற பேதமே கிடையாது.

ஜவுளி வியாபாரி, கரூர்: அந்தக் கம்பளத்தில் 82 சதவீதம் கம்பளி, 18 சதவீதம் பருத்தி என்று போட்டிருக்கிறதே! கலப்படமா?

வெளிப்படையாக லேபிளில் போட்டுவிட்டுச் செய்வதற்குக் கலப்படம் என்று பெயரில்லை. பாவுக்குப் பருத்தி, ஊடைக்குக் கம்பளி. தறியில் இழுபடுகிற பாவுக்குப் பருத்தி நூல் உறுதி, உடம்பில் படுகிற பக்கத்துக்குக் கம்பளி இதம். பாவு உள்ளே மறைந்துவிடும், ஊடை மேலே வந்து நிறம் காட்டும். உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கிறீர்கள்.

வாசகி, திருச்சி: ஒரு கம்பளம் 200 டாலருக்கு மேல் என்கிறார்கள். கொள்ளை இல்லையா?

ஆலைக்குள் போகும்வரை நானும் அப்படித்தான் நினைப்பேன் அம்மா. உள்ளே ஒரு காட்சி இருக்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தால், அந்த இழையில் தொங்குகிற மெல்லிய உலோகத் தகடு கீழே விழும், தறி தானாக நின்றுவிடும். தறிக்காரர் வந்து ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்தது எது என்று விரலால் நீவிக் கண்டுபிடிப்பார். முடிச்சுப் போடுவார், விழுதிலும் பண்ணையிலும் கோப்பார், வாலைக் கத்தரிப்பார், பொத்தானை அழுத்துவார். நாம் அதிசயப்பட்டு முடிப்பதற்குள் தறி ஓட ஆரம்பித்திருக்கும். நெய்து இறங்கிய துணியையும் வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்து, திட்டு, முடிச்சு, ஒட்டிய முள் எல்லாவற்றையும் கையால் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் கோலம் போடும், முள் பொறுக்காது.

விலை உங்களுக்கு ஒத்துவராவிட்டால் ஆலைக் கடையில் சிறு குறையுள்ள சரக்கைக் குறைந்த விலையில் விற்கிறார்கள். குறை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும்.

வாசகர், நாகர்கோவில்: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

இல்லை. ஆனால் சுற்றி முடிந்ததும் கடை வருகிறது. வசூல் அங்கே.

வாசகர், புதுச்சேரி: அந்தக் கோலங்கள் எல்லாம் செவ்விந்தியர்களுடையவை என்கிறார்கள். ஆலையோ வெள்ளைக்காரக் குடும்பத்துடையது. இது நியாயமா?

வந்த கடிதங்களில் கனமான கேள்வி உங்களுடையதுதான். விளையாட்டைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறேன். ('செவ்விந்தியர்' என்பது பழைய பாடப்புத்தக வழக்கு. பூர்வகுடிகள் என்போம்.)

ஆலையின் முதல் வாடிக்கையாளர்களே பூர்வகுடி மக்கள்தான். பக்கத்திலேயே கேயூஸ், யூமட்டில்லா, வல்லா வல்லா மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. ஜோ ராவ்ன்ஸ்லி என்ற ஆலையின் வடிவமைப்பாளர் அந்த மக்களோடு பழகி, அவர்களுக்கு எந்த நிறம், எந்த வடிவம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்து தறியில் ஏற்றினார். அந்த மக்களும் இந்தக் கம்பளத்தைத் தங்கள் சடங்குகளுக்குள் எடுத்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்தால், திருமணம் என்றால், பட்டம் வாங்கினால், பெரியவரைக் கௌரவிக்க வேண்டுமானால் தோளில் கம்பளம் போர்த்துகிறார்கள். நம் பொன்னாடைக்கு அங்கே இந்த இடம். இறந்தவருக்கும் போர்த்துவதுண்டு.

இது ஒரு பக்கம். மறுபக்கத்துக்கு 'சீஃப் ஜோசப்' கம்பளத்தைப் பாருங்கள். 1920-களிலிருந்து நெய்யப்படுகிறது. நெஸ் பெர்ஸ் மக்களின் தலைவர் ஜோசப்பின் பெயர். வடகிழக்கு ஆரகனில் வல்லோவா பள்ளத்தாக்கு அவர் மக்களின் மண். 1877-இல் ராணுவம் அவர்களை அங்கிருந்து விரட்டியது. சண்டை போட்டுக்கொண்டே 1,800 கிலோமீட்டருக்கு மேல் கனடாவை நோக்கி ஓடி, எல்லைக்குச் சற்று முன்னால் பிடிபட்டார்கள். 1904-இல் ஜோசப் இறக்கும்வரை அந்தப் பள்ளத்தாக்கில் குடியேற அவரை விடவில்லை. அந்த மண்ணுக்கு ஒரு மலை தள்ளி இருக்கிற ஆலையில் அவர் பெயர் விற்பனையாகிறது.

நிறுவனம் சில கம்பளங்களின் விற்பனையிலிருந்து பூர்வகுடி மாணவர்களின் கல்வி நிதிக்குப் பணம் கொடுக்கிறது. அது போதாது, கோலம் எங்களுடையது என்றால் தொழிலும் எங்களுடையதாக வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அந்த எண்ணத்தில் சியாட்டிலில் நூக்சாக் இனத்தைச் சேர்ந்த லூயி காங் 'எய்த் ஜெனரேஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பூர்வகுடிக் கலைஞர்கள் வரைந்த கம்பளங்களை விற்றார். 2019-இல் ஸ்னோக்வால்மி இன மக்களே அதை வாங்கிவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், நியாயம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. ஆலையைப் பார்க்கிற நாளிலேயே பக்கத்தில் யூமட்டில்லா மக்கள் தாங்களே நடத்துகிற தமாஸ்ட்ஸ்லிக்ட் பண்பாட்டு நிலையத்துக்கும் போய்வாருங்கள். கம்பளம் போர்த்தியவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிற இடம் அது.

மாணவி, விழுப்புரம்: மயிரை வெட்டுவது ஆட்டுக்குக் கொடுமை இல்லையா?

வெட்டாமல் விடுவதுதான் கொடுமை. மனிதன் பல நூறு தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில், கம்பளி ஆட்டுக்கு மயிர் உதிர்வதே ஏறக்குறைய நின்றுவிட்டது. 2015-இல் ஆஸ்திரேலியாவில் மந்தையிலிருந்து தப்பித் திரிந்த ஓர் ஆட்டைப் பிடித்து மயிர் வெட்டினார்கள். 40 கிலோவுக்கு மேல் இறங்கியது. அந்த ஆடு நடந்ததே பெரிய விஷயம். அதற்காக எல்லாம் சுத்தம் என்று சொல்லமாட்டேன். ஈ மொய்த்துப் புண் வராமலிருக்க மெரினோ ஆட்டின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கிற வழக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

விவசாயி, மேச்சேரி: எங்களிடமும் செம்மறி இருக்கிறது. எங்கள் ஊருக்கு ஏன் கம்பளி ஆலை வரவில்லை?

உங்கள் ஆட்டின் முதுகைத் தடவிப் பாருங்கள். மேச்சேரி ஆட்டுக்கு இருப்பது முடி, கம்பளி இல்லை. அதன் பேர் கறிக்கும் தோலுக்கும். ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் எல்லாம் அதே ஜாதிதான். நம் வெயிலில் ஆடு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியுமா? கோவைக் குறும்பைக்கும் திருச்சிக் கருங்குறும்பைக்கும் கம்பளி உண்டு, ஆனால் முரடு. மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு. அதற்கு ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மேலே மன்னவனூரிலும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் உண்டு. ஆலை வராவிட்டாலும் ஆட்டைப் பார்க்க விசா வேண்டியதில்லை.

வாசகி, சென்னை: மகள் அனுப்பிய கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டேன். பேத்தி அளவுக்கு வந்துவிட்டது. என்ன செய்வது?

பேத்திக்குக் கொடுங்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. சூடு, ஈரம், குலுக்கல் மூன்றும் சேர்ந்தால் செதிலோடு செதில் கோத்துக்கொள்ளும். கோத்தது பிரியாது. நீங்கள் தெரியாமல் செய்ததை ஆலையில் தெரிந்தே செய்கிறார்கள். நெய்த துணியை ஈரத்தில் போட்டு அமுக்கிச் சுருங்கவிட்டால்தான் அது நெருங்கிக் கனத்துக் கம்பளமாகும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் வித்தை. இனி குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, பரப்பி நிழலில் உலர்த்துங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: கம்பளிப் போர்வையைப் பீரோவில் வைத்தேன். ஓட்டை ஓட்டையாகிவிட்டது. பாச்சையா?

அந்துப்பூச்சி. அதிலும் பறக்கிற பூச்சி குற்றவாளி இல்லை, அது துணியைத் தின்னாது. அது இட்ட முட்டையிலிருந்து வருகிற புழுதான் தின்கிறது. கம்பளி என்பது நம் தலைமுடி, நகம் போலக் கெரட்டின் புரதம், புழுவுக்கு விருந்து. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் ஒட்டியிருந்தால் விருந்தோடு பாயசம். அழுக்கோடு மடித்து வைக்காதீர்கள். துவைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். அவ்வப்போது வெயிலில் உதறுங்கள். பாச்சை உருண்டை போட்டால் எடுத்ததும் போர்த்திக்கொள்ளாமல் காற்றாட விட்டுப் போர்த்துங்கள்.

வாசகர், கும்பகோணம்: ஆலைக்குள் எண்ணெய் வாடையும் தூசியும் இருக்கும் என்கிறார்களே?

கம்பளியில் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு மயிர் மயிர் என்று சொல்லலாமா? நம் பழமொழிதான்.

இசை ரசிகர், சென்னை: 'பீச் பாய்ஸ்' பாடகர்களுக்கும் இந்த ஆலைக்கும் என்ன சம்பந்தம்?

சட்டை சம்பந்தம். பெண்டில்டனின் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை அப்போது கலிஃபோர்னியா இளவட்டங்களின் சீருடை. அதனால் குழுவுக்கு முதலில் 'பெண்டில்டோன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1961-இல் முதல் இசைத்தட்டு வரும்போது வெளியிட்டவர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். கடற்கரையில் கம்பளிச் சட்டையா என்று கேட்காதீர்கள். பசிபிக் கடல் மெரினா கடல் இல்லை, குளிரும்.

வாசகர், கோவில்பட்டி: செப்டம்பரில் போகிறோம். நல்ல சமயமா?

செப்டம்பர் இரண்டாம் வாரத்தை விட்டுவிடுங்கள். 1910-இல் தொடங்கிய 'ரவுண்ட்-அப்' என்ற குதிரை, காளைத் திருவிழா அப்போதுதான். 17,000 பேர் இருக்கிற ஊரில் அதைவிடப் பல மடங்கு கூட்டம். அலங்காநல்லூரைப் பார்த்தவருக்கு விழா பிடிக்கும், அறை கிடைக்காது.

வாசகர், வேலூர்: மூன்றரை மணி நேரமெல்லாம் உட்கார முடியாது. முதுகுவலி.

அப்படியானால் வாஷூகல் போங்கள். போர்ட்லண்டிலிருந்து ஆற்றைக் கடந்து அரைமணி நேரம்தான். அதே நிறுவனம் 1912-இல் எடுத்த ஆலை. சாயம் ஏற்றுவதும் நெய்த துணியைப் பக்குவப்படுத்துவதும் அங்கே நடக்கின்றன. இரண்டையும் பார்த்தால் முழுப் படம், ஒன்றைப் பார்த்தால் பாதிப் படம், இரண்டையும் விட்டால் டிரெய்லர் மட்டும்.

வாசகர், லண்டன் ஹாரோ: அமெரிக்கா தூரம். எங்களுக்குப் பக்கத்தில் ஏதும் உண்டா?

வேல்ஸுக்குக் காரைத் திருப்புங்கள். ட்ரெஃபாக் ஃபெலிண்ட்ரே கிராமத்தில் பழைய கேம்ப்ரியன் ஆலைக்குள்ளேயே வேல்ஸின் தேசியக் கம்பளி மியூசியம் இருக்கிறது. பெம்ப்ரோக்ஷயரில் மெலின் ட்ரெக்விண்ட் ஆலையை 1912-இலிருந்து ஒரே குடும்பம் நடத்தி வந்தது. 2022-இல் அதை ஊழியர்களே சொந்தமாக்கிக்கொண்டார்கள். முதலாளி யார் என்று கேட்டால் தறிக்காரரே கை தூக்குவார்.

வாசகர், திண்டுக்கல்: சுருக்கமாகச் சொல்லுங்கள். யார் போகலாம், யார் போக வேண்டாம்?

கடைக்காக மட்டும் போகிறவர்கள் வேண்டாம், அதே சரக்கு இணையத்தில் கிடைக்கும். எதை எப்படிச் செய்கிறார்கள் என்று நின்று பார்க்கிற பொறுமை உள்ளவர்கள் கட்டாயம் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. வார நாளில் போங்கள், தறி ஓடாத நாளில் பார்க்க ஒன்றுமில்லை. சுற்றிக் காட்டும் நேரத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை மூடிய செருப்புப் போடுங்கள், தொங்குகிற துப்பட்டாவை இறுக்கிச் சொருகுங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள். ஒன்றும் வாங்காமல் வந்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் தறிக்காரர் வேலையை நிமிர்ந்து பார்க்காமல் மட்டும் வராதீர்கள். நீங்கள் பார்க்கப் போனது அவரைத்தான்.